முப்பத்தோராம் திகதி இரவு எங்கே தங்குவது?



கோழி வளர்ப்புக் கடன் பற்றி நான் எழுதியதற்கு வந்த கடிதங்கள் எல்லாம் கைக்குக் கிடைத்தன. அவற்றுக்கு அடுத்த மாதம் பதில் எழுதுகிறேன். இந்த மாதம் வேறொரு கதை. நான் ஜேர்மனிக்குப் போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லி உங்களில் பலர் கேட்டபடி இருக்கிறீர்கள். "பனி எப்படி அக்கா?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். பனியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதலில் வெள்ளையாக இருந்தது, பிறகு சேறாகிப் போனது. நான் எழுத நினைப்பது, அந்தப் பயணத்துக்கு நாங்கள் திட்டம் போட்ட கதையை.

என் தங்கச்சி டொட்முண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள். 1998 இல் கலியாணம் கட்டிப் போனவள். மகளுக்கு 18 வயது, மகனுக்கு 13. அவள் என்னைக் கூப்பிடாத வருடம் இல்லை. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று தட்டுப்பட்டுப் போனது. கடைசியில் 2024 டிசெம்பரில் சரி வந்தது. விசா எடுத்த பாட்டை விரித்து எழுதினால் பக்கம் போதாது. அங்கே இருப்பவர் தன் ஊர் அலுவலகத்துக்குப் போய், வருகிறவரின் செலவு முழுவதற்கும் தானே பொறுப்பு என்று கையெழுத்து வைத்து ஒரு பத்திரம் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு 29 யூரோ. நாங்கள் இங்கே 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். விசாக் கட்டணம் 90 யூரோ. அதிகம் நின்றால் 90 நாள். திரும்பி வருவேன் என்று அவர்களை நம்ப வைப்பதற்கு நான் காணி உறுதியையும் கொண்டுபோனேன். மற்றக் காகிதங்களைப் பார்த்த அளவுக்கு அதைப் பார்த்தார்களோ தெரியாது.

விசா கையில் வருவதற்கு முன்பே, ஒக்ரோபரில், தங்கச்சி திட்டம் போடத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, இவ்வளவு தூரம் வந்திட்டு வீட்டுக்குள்ளை குந்தியிருக்கிறதே? பிள்ளையளுக்கும் நத்தார் லீவு. காரிலை ஒரு சுத்துச் சுத்துவம்."

"எங்கையடி?"

"நீங்கள் சொல்லுங்கோ. எங்கை போக ஆசை?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் என் வயதில் போன பயணங்களில் பாதிக்கு மேல் துரத்தப்பட்டுப் போனவை. 1995 இல் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டபோதும் சரி, பிறகு வன்னிக்குள் எட்டுத் தரம் இடம் மாறியபோதும் சரி, எங்கே போக ஆசை என்று ஒருவரும் கேட்கவில்லை. போகிற இடத்தில் படுக்க மரநிழல் கிடைக்குமா என்பதே தெரியாது. இவள் என்னவென்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே கட்டில் பிடிக்கிறாள். அதிலும் வேண்டாமென்றால் காசு திருப்பித் தருவார்களாம். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது.

"நீயே பார்த்துப் போடு" என்றேன்.

அவள் போட்ட முதல் திட்டம் நத்தார்ச் சந்தைகளைப் பார்ப்பதும், முடிவில் முப்பத்தோராம் திகதி இரவு பேர்லினில் நிற்பதும். டிரெஸ்டன் நகரத்துச் சந்தை 1434 இல் தொடங்கியதாம். நூரெம்பேர்க் சந்தையும் பேர்போனது. ஆனால் தங்கச்சிக்கு வயோதிபர் இல்லத்தில் வேலை, 26 ஆம் திகதி வரைக்கும் முறை. அந்த இரண்டு சந்தைகளும் 24 ஆம் திகதியோடு மூடிவிடும். இதை மகள்தான் கண்டுபிடித்தாள். "அம்மா, நாங்கள் போகேக்கை பலகை கழட்டிற ஆக்கள்தான் அங்கை நிப்பினம்." ஆக, முதல் திட்டம் சரிந்தது. பிறகு அவர்கள் ஊர்ப்பக்கச் சந்தைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். டொட்முண்டில் ஏராளமான மரங்களை அடுக்கி, சுமார் 45 மீற்றர் உயரத்துக்கு ஒரே மரம் போல ஆக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது காணும்.

இரண்டாவது திட்டத்தில் சந்தைகளை விட்டுவிட்டு ஊர்களைப் பார்ப்பதென்று முடிவு. 27 ஆம் திகதி வெளிக்கிட்டு, ஹம் காமாட்சி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஏர்புர்ட், அங்கிருந்து டிரெஸ்டன், கடைசியில் பேர்லின். பேர்லின் மட்டும் மாறவில்லை. அங்கே பிராண்டன்பேர்க் வாசலடியில் வருடப் பிறப்புக்கு நிறையச் சனம் கூடும் என்றார்கள். நடுச்சாமத்தில் வானம் முழுவதும் வாணவேடிக்கை. மகன் ரெலிபோனில் படம் காட்டினான். நான் ரெலிபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு "நல்ல வடிவு" என்றேன்.

சகோதரிகளே, எனக்கு வெடிச் சத்தம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. இங்கேயும் வருடப் பிறப்புக்கு வெடி கொளுத்துகிறார்கள்தான். ஆனால் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுக்காரர் எத்தனை மணிக்குத் தொடங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்பே கதவைச் சாத்தி, ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டு, உள்ளறையில் இருந்து ஏதாவது தைத்துக்கொண்டிருப்பேன். 2009 இல் மாத்தளனில் பங்கருக்குள் இருந்து தண்ணீர் எடுக்க வெளியே போன என் அவர் திரும்பி வரவில்லை. தங்கச்சிக்கு அந்தச் செய்தி தெரியும். அன்றைக்குக் கேட்ட சத்தம் என் உடம்பில் இன்னும் இருக்கிறது என்பதை நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லி என்ன என்று இருந்துவிட்டேன். அவள் ஆசையோடு போடுகிற திட்டத்தைக் குழப்பவும் மனம் வரவில்லை. பேர்லின் என்றதற்கும் "சரி" என்றேன்.

டிசெம்பர் நடுப்பகுதியில் நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. தங்கச்சியின் கணவர் காரைப் பார்க்கிறவர். அங்கே பனிக்காலத்துக்கு ரயர் வேறு. ஒக்ரோபரில் மாற்றினால் ஈஸ்டருக்குத்தான் திரும்பக் கழற்றுவார்களாம். பனி, ஐஸ் உள்ள வீதியில் அந்த ரயர் இல்லாமல் ஓடினால் 60 யூரோ தண்டம், லைசன்சில் ஒரு புள்ளியும் விழும். ரயரின் பக்கத்தில் மலையும் அதற்குள் பனிப்பூவும் போட்ட அடையாளம் இருக்க வேண்டும். அவர் என்னைக் கூப்பிட்டுக் குனிந்து காட்டினார். கண்ணாடி கழுவுகிற தண்ணீருக்குக் கூட, உறையாமல் இருக்க மருந்து கலக்கிறார்கள். முக்கோண எச்சரிக்கைப் பலகை, முதலுதவிப் பெட்டி, வெளிச்சத்தில் பளபளக்கும் மேலங்கி மூன்றும் சட்டப்படி காருக்குள் இருக்க வேண்டியவை. அதற்கு மேல் இவர் ஒரு கம்பளி, ரோச், ஐஸ் சுரண்டுகிற தகடு, தேத்தண்ணிப் போத்தல் எல்லாம் வைத்தார். பனியில் நெடுஞ்சாலை அடைபட்டால் மணித்தியாலக் கணக்கில் காருக்குள் இருக்க வேண்டி வருமாம்.

"அக்கா, பின்னேரம் நாலு மணிக்கு இருட்டிப் போகும். காலமை எட்டு மணிக்குத்தான் விடியும். அதாலை ஒரு நாளைக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேலை ஓடுறேல்லை" என்றார். பொறுமையான மனிதர். வாய் திறப்பது குறைவு.

அவர் 1984 இல் பத்தொன்பது வயதில் போனவர். அந்த நாளில் எங்கள் பெடியள் பலர் போன மாதிரிக் கிழக்கு பேர்லினுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ரயில் ஏறி மேற்கு பேர்லினுக்குள் இறங்கியவர். 1985 இல் அந்த வழி அடைபட்டுப் போனது. அகதி விண்ணப்பம் போட்டவர்கள் தங்களுக்குக் குறித்த மாவட்டத்தை விட்டு அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாதென்று அப்போது அங்கே சட்டம் இருந்தது. பக்கத்து ஊரில் இருந்த சித்தப்பா மகனைப் பார்க்க பஸ்ஸில் போனதற்கு இவருக்குத் தண்டம் அடித்திருக்கிறார்கள். பன்னிரண்டு கிலோமீற்றர் தூரம். பாஸ் எடுக்காமல் போன குற்றம் என்று வையுங்கள். நாங்கள் இங்கே பாஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில் வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாரும் நினைத்த இடத்துக்குப் போய் வருகிறார்கள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இதை அவர் ரயருக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னார். தங்கச்சிக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

பெட்டி கட்டுவதில் நான் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டேன். கொண்டுபோகிற சாமானைக் கட்டிலில் எடுத்து வையுங்கோ என்று தங்கச்சி சொல்ல, நான் முதலில் வைத்தது பொலித்தீனில் சுற்றிய என் பத்திரக் கட்டு. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், அவருடைய மரணப் பதிவு, காணி உறுதியின் பிரதி. பிறகு நெருப்புப் பெட்டி. பிறகு கொஞ்சம் அரிசி. "பெரியம்மா, ஹொட்டலிலை காலமைச் சாப்பாடு தருவினம்" என்று மகள் சொன்னாள். நான் நெருப்புப் பெட்டியைத் திரும்ப எடுத்து வைத்தேன். பத்திரக் கட்டை எடுக்கவில்லை. ஆனால் அரிசியில் வென்றது நான்தான். தங்கச்சியே கடைசியில் சின்ன மின்சார அரிசிச் சட்டியையும் ஒரு போத்தல் மாசிச் சம்பலையும் காருக்குள் ஏற்றினாள். 25 உம் 26 உம் கடை பூட்டு, ஞாயிற்றுக்கிழமையும் பூட்டு. முன்யோசனை இல்லாவிட்டால் பாணுக்கும் வழியில்லை.

உடுப்பு விஷயத்தில் ஜேர்மன்காரர் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வெங்காய முறை என்று அதற்குப் பேர். ஒரே ஒரு மொத்தச் சட்டை போடாமல் மெல்லியதாக மூன்று நாலு போட்டு, சூட்டுக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாக உரிப்பது. காருக்குள் மொத்த ஜக்கெற்றோடு பெல்ட் போடக் கூடாது என்றும் மகள் சொன்னாள். பெல்ட் உடம்போடு இறுகாமல், இடிபட்டால் வழுக்கிப் போகுமாம்.

22 ஆம் திகதி இரவு குசினி மேசையில் எல்லாரும் இருந்து கடைசி முறையாகத் திட்டத்தைப் பார்த்தோம். அங்கே வாணங்கள் வருடத்தின் கடைசி மூன்று நாளும்தான் கடையில் விற்கலாம். அந்த முறை 29 ஞாயிறு என்றபடியால் 28 ஆம் திகதியே விற்பனை தொடங்கும் என்று மகன் துள்ளிக்கொண்டிருந்தான். எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது.

"முப்பத்தோராம் திகதி நான் வீட்டிலை நிக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ" என்றேன்.

தங்கச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன அக்கா இது? பேர்லினிலையிருந்து உங்களைத் தனிய எப்பிடி வீட்டுக்கு அனுப்புறது? உங்களுக்காகத்தானே இவ்வளவும்!"

நான் ஒன்றும் பேசவில்லை. தங்கச்சியின் கணவர்தான் பேசினார்.

"அக்காவுக்கு வெடிச் சத்தம் ஏலாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் ஏலாது" என்றார்.

மேசையில் ஒருவரும் அசையவில்லை. ஒவ்வொரு வருடமும் முப்பத்தோராம் திகதி இரவு தடிமன் என்றும் காலமை வேலை என்றும் சொல்லி, அவர் நேரத்தோடு படுத்துவிடுவாராம். அப்பாவுக்கு வருடப் பிறப்பில் விருப்பமில்லை என்றுதான் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டு ரீவியைப் பெரிதாக வைத்துக்கொண்டு அவர் உள்ளே இருந்திருக்கிறார். அவர் ஊரை விட்டது நாற்பது வருடத்துக்கு முன்பு. 83 இல் அவர் கண்டது என்ன என்று தங்கச்சி அன்றைக்கும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழும்பிப் போனான். அவனைப் பிழை சொல்ல முடியாது. மூன்று மாதமாகக் காத்திருந்த பிள்ளை. மகள் போகவில்லை. ரெலிபோனை எடுத்துத் தேடத் தொடங்கினாள்.

ஒரு மணித்தியாலத்தில் அவள் கண்டுபிடித்தது இது. அங்கே கோயில்கள், ஆஸ்பத்திரிகள், சிறுவர் இல்லங்கள், வயோதிபர் இல்லங்கள், பழைய மரச்சட்ட வீடுகள், இவற்றுக்குப் பக்கத்தில் வெடி கொளுத்தச் சட்டப்படி தடை. சில்ற் என்ற தீவில் கூரைகள் நாணல் வேய்ந்தவை என்பதால் அங்கும் தடை. 2015 இல் சிரியாவிலிருந்து நிறைய அகதிகள் வந்தபோது, சில இடங்களில் அவர்களுடைய விடுதிகளுக்குப் பக்கத்திலும் தடை போட்டார்களாம். இதெல்லாவற்றையும் விட வசதியானது விமான நிலையம். அதைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் அனுமதி இல்லாமல் வாணம் விட முடியாது. ஹொட்டல் அறைகளும் சத்தம் புகாத கண்ணாடி போட்டவை. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, வெடிக்குப் பயந்த நாய் வளர்ப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் நாயோடு போய் அங்கே தங்குகிறார்களாம்.

"நாயளோடையோ?" என்று தங்கச்சி கேட்டாள்.

"நாய்க்கு இருக்கிற புத்தி எங்களுக்கு இல்லாமல் போச்சு" என்றேன். அதற்குத்தான் எல்லாரும் சிரித்தது.

ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம். விமானச் சத்தம்? கிபிர் வந்த நாட்களை நான் மறக்கவில்லை. அதையும் கேட்டேன். ஒன்றைச் சொல்லிவிட்ட பிறகு மற்றதைச் சொல்வது அவ்வளவு பாரமாக இருக்கவில்லை. பிராங்பேர்ட் விமான நிலையத்தில் 2011 இலிருந்து இரவு 11 மணி தொடக்கம் காலை 5 மணி வரைக்கும் விமானம் ஓட்டுவதற்குத் தடை என்று மகள் வாசித்துக் காட்டினாள். இரண்டு அறை மிஞ்சியிருந்தது. பேர்லினை வெட்டிவிட்டு, டிரெஸ்டனிலிருந்து நூரெம்பேர்க், அங்கிருந்து பிராங்பேர்ட் என்று மூன்றாவது திட்டம் முடிந்தது. மொத்தம் சுமார் 1,300 கிலோமீற்றர். மகனுக்குக் கை மத்தாப்பு வாங்கித் தருவதென்று உடன்படிக்கை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் அதைக் கொளுத்தலாம்.

பயணத்தில் பார்த்ததை எல்லாம் எழுதவில்லை. ஹம் கோயில் 2002 இல் கட்டி முடித்தது. கோபுரம் 17 மீற்றர். பக்கத்தில் ஓடுகிற கப்பல் கால்வாய்தான் அவர்களுக்குத் தீர்த்தம். ஏர்புர்ட்டுக்குப் போகிற வழியில் நெடுஞ்சாலையில் எங்கேயோ விபத்து. கார்கள் எல்லாம் மெதுவாகத் தொடங்கின. ஒருவரும் சொல்லாமலே இடது வரிசையில் நின்றவர்கள் இடது பக்கம் ஒதுங்க, மற்றவர்கள் வலது பக்கம் ஒதுங்க, நடுவில் ஒரு பாதை திறந்தது. அம்புலன்ஸ் வருவதற்கு முன்பே. அப்படி ஒதுங்காவிட்டால் குறைந்தது 200 யூரோ தண்டம், ஒரு மாதம் கார் ஓட்டவும் முடியாது. தண்டத்துக்குப் பயந்துதான் என்றாலும், அந்த வெறும் பாதையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். காயக்காரரை ஏற்றிய ட்ராக்டர் சனத்துக்குள் சிக்கி நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

டிரெஸ்டனில் பிராவன்கியர்க என்ற மாதா கோயில். 1945 பெப்ரவரி 13 இரவு தொடங்கிய குண்டு வீச்சில் நகரம் எரிந்து, இரண்டு நாள் கழித்து இந்தக் கோயிலும் இடிந்து விழுந்தது. அந்தக் குண்டு வீச்சில் சுமார் 25,000 பேர் செத்தார்கள். கோயில் கற்குவியலாகவே கிடந்து, 1994 இல் வேலை தொடங்கி 2005 இல் திறந்தார்கள். பழைய கறுத்த கற்களை வீசாமல் புதுக் கற்களுக்கு இடையில் அதே இடங்களில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். உச்சியில் உள்ள சிலுவையைச் செய்தவர் ஓர் ஆங்கிலேயர். அவருடைய தகப்பன் அந்தக் குண்டு வீச்சுக்கு வந்த விமானிகளில் ஒருவர். நாங்கள் திரும்பிய சில நாளில், 2025 ஜனவரியில், அதே நகரத்தில் இடிந்த பாலம் ஒன்றை அகற்றும்போது அந்த யுத்தத்துக் குண்டு ஒன்று அகப்பட்டு, சுமார் 10,000 பேரை வீடுகளிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறார்கள். எண்பது வருடம் கழித்து. முகமாலையில் மிதிவெடி கிண்டி எடுக்கிற எங்கள் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

30 ஆம் திகதி நூரெம்பேர்க்கில் காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது யாரோ பெடியள் வெடி ஒன்றைப் போட்டார்கள். நான் கார்ச் சில்லுக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். எழும்பிப் பார்த்தால் தங்கச்சியும் என்னோடு குந்தியிருக்கிறாள். என் கையை விடவேயில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. முழங்காலில் சேறு பிரண்டதைத் தட்டிவிட்டு நடந்தோம்.

பிராங்பேர்ட் ஹொட்டலில் சொன்னபடியே நாய்கள். லிப்ற்றுக்குள் ஒன்று, வரவேற்பு மேசையடியில் மூன்று. சம்பலோடு சோறு சாப்பிட்டோம். பன்னிரண்டு மணிக்கு நான் கட்டில் ஓரத்தில் இருந்தேன். தங்கச்சியின் கணவர் யன்னல் சீலையை விலக்கினார். தூரத்தில் நகரத்துக்கு மேலே சிவப்பும் பச்சையும் பொன்னும் எழும்பி எழும்பி விழுந்தன. ஒரு சத்தமும் இல்லை. மகன் தகப்பனுக்குப் பக்கத்தில் போய் நின்றான். கொஞ்ச நேரத்தால் நானும் எழும்பிப் போனேன். வடிவாகத்தான் இருந்தது. மத்தாப்பை அடுத்த நாள் வீட்டுக்குப் பின்பக்கம் கொளுத்தினோம்.

2025 ஒகஸ்டில் தங்கச்சி எடுத்துச் சொன்னாள். அந்த ஹொட்டலில் டிசெம்பர் அறைகள் கெதியாக முடிந்துவிடுமாம். நான் இந்த முறை போகவில்லை. கணவர்தான் ஒருவரையும் கேட்காமல் முப்பத்தோராம் திகதிக்கு இரண்டு அறை பதிந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்ற ஊர்களைப் பார்க்க வரைபடத்தை விரித்தாராம்.